மாயக்காள் பட்டாதாரரை அழைத்து வந்த கதை

ராசிங்காபுரத்து மாயக்காளுக்குப் புருசன் உண்டு. ஊரில் யாரும் அதை மறுத்ததில்லை. அவர் ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

எழுபத்து நாலில் மழை பொய்த்தது. சோளம் கதிர் வாங்காமலே காய்ந்து, மாட்டுக்கும் ஆகாமல் போன அந்த வருசம், வெள்ளைத்துரை ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு கங்காணியின் பின்னால் குரங்கணி வழியாக மலையேறினார். ஊரிலிருந்து இன்னும் சிலரும் போனார்கள். மழை பெய்ததும் அவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். வெள்ளைத்துரை அந்தத் தீபாவளிக்கு வந்தார், பொங்கலுக்கு வந்தார், பிறகு வரவில்லை. சாந்தன்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ராக்கு என்கிற பெண்ணோடு குடித்தனமாக இருக்கிறார் என்று, போடியில் ஏலக்காய் மூட்டை இறக்க வந்த ஜீப்பு டிரைவர் ஒருவன் மாயக்காளிடம் சொன்னான். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டு, உடம்புக்கு நன்றாக இருக்கிறாரா என்று விசாரித்தாள். நன்றாகத்தான் இருக்கிறார் என்றான். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்சுக்குப் போனாள்.

அப்போது அவளுக்கு முப்பது வயசுக்குள் இருக்கும். கையில் ஒரே ஒரு பெண், சுருளியம்மாள். மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் செம்மண் புஞ்சை. வெள்ளைத்துரைக்குத் தகப்பன் வழியில் வந்தது. பட்டாவும் அவர் பேரில்தான். உழவுக்கு மட்டும் அவளுடைய அண்ணன் ஜக்கையன் மாடு கொண்டுவருவான். விதைப்பு, களை, காவல், அறுப்பு எல்லாம் அவள். முதலில் சோளமும் மொச்சையும் போட்டாள். பிறகு எள்ளு. எள்ளு நாலு வருசத்துக்கு ஒரு தரம் விளைந்தது. அதற்குப் பிறகு நிலக்கடலைக்கு மாறினாள்.

ஜக்கையன் கோபக்காரன். ஒவ்வொரு பொங்கலுக்கும் மச்சானைக் கட்டி இழுத்து வரப் போவதாகக் கிளம்புவான். மாயக்காள் அவனைத் தடுக்க மாட்டாள். கொண்டுவந்து எங்கே கட்டுவது என்று மட்டும் கேட்பாள். ஜக்கையன் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவான்.

சுருளியம்மாள் கல்யாணத்துக்குப் பத்திரிகை மலைக்குப் போனது. வெள்ளைத்துரை வரவில்லை. ஜீப்பு டிரைவரிடம் ஒரு கிலோ ஏலக்காய் கொடுத்தனுப்பினார். கல்யாணப் பாயசத்துக்கு ஒரு பிடி காய் போதும். மீதியை மாயக்காள் போடியில் விற்று, பெண்ணுக்கு ஒரு பித்தளை அண்டா வாங்கினாள். தகப்பன் சீர் என்று அதைப் பந்தலில் வைத்தார்கள்.

எண்பத்தைந்தில் சர்க்காருக்கு எண்ணெய் வித்துகளின் மேல் அக்கறை பிறந்தது. நாட்டில் சமையல் எண்ணெய் போதவில்லையாம். கடலை, எள்ளு, சூரியகாந்தி போடுகிறவர்களுக்கு விதையிலும் உரத்திலும் பாதி விலை மானியம் என்று அறிவித்தார்கள். இதைச் சொல்ல ராசிங்காபுரத்துக்கு வந்தவர் பிச்சைமணி என்கிற விவசாய அலுவலர். கல்யாணமாகாத பையன், சைக்கிளில் வருவார். விதையை மருந்தில் பிரட்டி விதைக்க வேண்டும், கயிறு பிடித்து வரிசையாக ஊன்ற வேண்டும், இரண்டாம் களையோடு ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். செய்தது மாயக்காள் ஒருத்திதான். சொல்வதைச் செய்து பார்ப்பதில் நட்டம் இல்லை என்று அவள் நினைத்தாள். முழு விலையும் முதலில் கையிலிருந்து போட வேண்டும், மானியம் பிறகு வரும் என்பதைப் பிச்சைமணி கடைசியாகச் சொன்னார். அதற்கும் அவள் சரி என்றாள்.

விண்ணப்பத்தில் பட்டாதாரர் பெயர் என்ற இடத்தில் பிச்சைமணி வெள்ளைத்துரை என்று எழுதினார். நேரில் பயிர் செய்பவர் என்ற இடத்திலும் அதையே எழுதினார். ஆள் எங்கே என்று கேட்டதற்கு, சோலியாகப் போயிருக்கிறார் என்று மாயக்காள் சொன்னாள். அது பொய்யில்லை.

புரட்டாசியில் ஊன்றிய கடலை மார்கழிக் கடைசியில் பிடுங்கும்போது செடிக்குச் செடி கொத்துக் கொத்தாக வந்தது. அதிகாரிகள் வந்து வயலில் ஒரு சதுரம் அளந்து, பிடுங்கி, நிறுத்துப் பார்த்தார்கள். வட்டாரத்திலேயே அதுதான் முதல் விளைச்சல் என்று முடிவானது. போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடக்கும், மதுரையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், எல்லாருக்கும் மானியச் செக்கும், முதல் விளைச்சல்காரருக்கு மாலையும் ஒரு மருந்தடிக்கும் பம்பும் மேடையிலேயே கொடுப்பார்கள் என்று பிச்சைமணி வந்து சொன்னார்.

ஜக்கையன் அப்போது களத்தில் இருந்தான். செக்கு கொடுப்பது நல்லதுதான், கடலை போடுகிறவனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும், ஆனால் அதை இழுக்க இன்னொரு மாடு வாங்க வேண்டும், வைப்பதற்கும் இடம் பார்க்க வேண்டும் என்றான். பிச்சைமணி, இது எண்ணெய் ஆட்டுகிற செக்கு இல்லை, பாங்கில் கொடுக்கிற காகிதம் என்று விளக்கினார். ஜக்கையனுக்கு ஆர்வம் போய்விட்டது.

“வெள்ளைத்துரை நேர்ல வரணும் ஆத்தா. அவரு கையெழுத்துப் போட்டாத்தான் செக்கு. எங்க இருக்காரு?” என்றார் பிச்சைமணி.

மாயக்காள் கையால் காட்டி, “மேல இருக்காரு” என்றாள்.

பிச்சைமணி முகம் வாடியது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுச் சற்று நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு, வருத்தப்பட வேண்டாம், அதற்கும் வழி இருக்கிறது, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கிவிட்டால் பணத்தை அவள் பேருக்கே மாற்றித் தந்துவிடலாம் என்றார்.

“சாகல தம்பி. சாந்தம்பாறையில இருக்காரு.”

விசயம் முழுவதையும் கேட்ட பிறகு பிச்சைமணியின் வருத்தம் அதிகமானது. செத்தவருக்குச் சட்டத்தில் வழி இருந்தது. வீட்டை விட்டுப் போனவருக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. நேரில் பயிர் செய்பவர் என்று தன் கையால் எழுதியிருப்பது வேறு அவர் நினைவுக்கு வந்தது. ஒரு நாளைக்காவது அவரைக் கூட்டிவர முடியுமா என்று கேட்டார். ஜக்கையன் உடனே வேட்டியை மடித்துக் கட்டினான். மாயக்காள் அவனை உட்காரச் சொன்னாள். இழுத்துவந்த ஆள் கையெழுத்துப் போட மாட்டார், தானே போவதாகச் சொன்னாள்.

மறுநாள் காலை முதல் பஸ்சில் போடிமெட்டுக்கு ஏறி, அங்கிருந்து ஜீப்பில் கூலிக்காரர்களோடு நெருக்கியடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அத்தனை வருசமும் அவள் அந்த மலையைத் தன் புஞ்சையிலிருந்து நிமிர்ந்து பார்த்திருக்கிறாளே தவிர, ஏறியதில்லை. ஏறும்போது, அவரைப் பார்த்ததும் என்ன கேட்பது என்று யோசித்தாள். கேட்பதற்கு நிறைய வைத்திருந்தாள். களை வெட்டும்போதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தது.

தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து வீட்டு வாசலில் ராக்கு விறகு பிளந்துகொண்டிருந்தாள். ஒல்லியான பெண், காய் எடுத்து எடுத்து விரலெல்லாம் கறுத்திருந்தது. வந்தது யார் என்று சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோடாலியைக் கீழே வைத்தாள். அதை வைத்த இடம் சரியில்லை என்று தோன்றியதோ என்னவோ, மறுபடி எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். பிறகு கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்தபடி குடித்தார்கள்.

வெள்ளைத்துரை ஸ்டோரில் இருந்தார். பச்சை ஏலக்காயைப் புகை படாமல் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அதற்குத் தீப்போடுவது அவர் வேலை. ஆள் பாதியாக இருந்தார். மாயக்காளைப் பார்த்ததும் எழுந்து நின்று, பஞ்சாயத்து யாரும் வந்திருக்கிறார்களா என்று அவளுக்குப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை.

மாயக்காள் மலையேறும்போது யோசித்து வைத்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“கடலைக்கு மானியம் வந்திருக்கு. ஒரு நாளு வந்து கையெழுத்துப் போடணும்” என்றாள்.

“எந்தக் கடலைக்கு?”

“நம்ம காட்டுல போட்டதுக்கு.”

“நம்ம காட்டுல கடலை வருதா?” என்று அவர் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது.

ராக்குவுக்கு ஒரே கேள்விதான் இருந்தது, அதை நேராகக் கேட்டாள்: “திரும்பி அனுப்புவீங்களாக்கா?” தனக்கு ஒரு நாள் போதும், மறுநாள் தானே பஸ் ஏற்றி விடுவதாக மாயக்காள் சொன்னாள். அதன்பிறகு ராக்கு அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்துத் துவைத்து ஸ்டோர் சூட்டிலேயே காயவைத்தாள். தூசியில் நிற்கவிட்டால் இளைப்பு வந்துவிடும், மிளகும் தூதுவளையும் தட்டிப்போட்டுக் கசாயம் வைத்துக் கொடுக்க வேண்டும், தயிர் கேட்பார், கொடுக்கக் கூடாது என்று பக்குவம் சொல்லிக் கொடுத்தாள். மாயக்காள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

இறங்கி வரும்போது ஜீப்பில் அவருக்குப் பாடம் நடந்தது. ஜிப்சம் எப்போது போட்டது என்று கேட்டால் இரண்டாம் களையோடு. விதைக்கு என்ன செய்தது என்று கேட்டால் மருந்தில் பிரட்டியது. வெள்ளைத்துரை ஒவ்வொரு வளைவிலும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். போடி வருவதற்குள் அவருக்கு நன்றாகவே வந்துவிட்டது.

விழாவில் முதலில் அவர் பேரைத்தான் கூப்பிட்டார்கள். மாலை போட்டார்கள். பம்பைக் கையில் கொடுத்தார்கள். மதுரை அதிகாரி மைக்கில், ஜிப்சம் எப்போது போட்டீர்கள் என்று கேட்டார். வெள்ளைத்துரை சொன்னார். விதைக்கு என்ன செய்தீர்கள் என்றார். அதையும் சொன்னார். மண்டபம் கை தட்டியது. ஓரமாக நின்ற பிச்சைமணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதிகாரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மற்ற விவசாயிகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கை அவர் பக்கம் திருப்பினார்.

இந்தக் கேள்வி ஜீப்பில் வரவில்லை. வெள்ளைத்துரை சற்று யோசித்துத் தன் அனுபவத்தையே சொன்னார்:

“நெழலு நல்லா இருக்கணும். நெழலு இல்லாட்டி காய் பிடிக்காது.”

வெயிலில் விளைகிற கடலைக்கு நிழல் எதற்கு என்று பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. வெள்ளைத்துரை கீழே பார்த்தார். பெண்கள் வரிசையில் மாயக்காள், பதிலை வாயசைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வெளியே நின்று தாய் சொல்லிக்கொடுப்பது மாதிரி இருந்தது, அதைப் பார்த்த பிறகு தன்னால் முடியவில்லை என்று பிற்பாடு அவர் ஜக்கையனிடம் சொன்னார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினார். ஆனால் மைக்செட்டு நல்ல மைக்செட்டு.

“எனக்குத் தெரியாது சாமி. நான் அந்தக் காட்டுல கால் வச்சுப் பன்னெண்டு வருசமாச்சு. பாடுபட்டது அந்தா ஒக்காந்திருக்கா, அவ.”

மண்டபத்தில் எல்லாரும் திரும்பி மாயக்காளைப் பார்த்தார்கள். சிலர் மறுபடி கை தட்டினார்கள். அதிகாரி செக்கை உறைக்குள் வைத்து, உறையைப் பைலுக்குள் வைத்து, அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் மாயக்காள் அவரிடம் பேசினாள். பன்னிரண்டு வருசத்தில் அவள் அவரிடம் கோபமாகப் பேசியது அந்த ஒரு தரம்தான்.

“பன்னெண்டு வருசமா ஒண்ணுஞ் சொல்லாம இருந்த மனுசனுக்கு, இன்னம் ஒரு மணி நேரம் சும்மா இருக்க முடியலையா?”

வெள்ளைத்துரை, மாலையைக் கழற்றலாமா என்று கேட்டார்.

கூட்டம் முடிந்து அதிகாரி அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. மானியம், நிலம் யார் பேரில் இருக்கிறதோ, யார் பயிர் செய்கிறார்களோ, அவருக்கு. இங்கே அது இரண்டு ஆளாக இருக்கிறது. ஒரே ஆளாக்கிக் கொண்டு வந்தால் தானே செக்கை மாற்றி எழுதித் தருவதாகச் சொன்னார். பிச்சைமணியிடம், இனிமேல் பார்த்து எழுதும்படி சொன்னார். பார்த்துத்தான் எழுதினேன் என்று சொல்லாமல் பிச்சைமணி தலையாட்டினார்.

நிலத்தை மாயக்காள் பேருக்கு எழுதிவைக்கிறேன் என்று வெள்ளைத்துரைதான் முதலில் சொன்னார். யாரும் கேட்கவில்லை. ஜக்கையன்கூட, நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் மச்சான் என்றான். வில்லங்கம் பார்க்கவும் பத்திரம் எழுதவும் நாளாகும் என்று தெரிந்தது. ஒரு நாள் என்று வந்தவர் தங்க வேண்டியதாயிற்று. ஜக்கையன் மாட்டுக் கொட்டத்தில் கட்டில் போட்டுக் கொடுத்தான். மாயக்காள் கசாயம் வைத்து அனுப்பினாள். தயிர் கேட்டார், அனுப்பவில்லை.

இடையில் ஒரு நாள் அவர் புஞ்சைக்கு நடந்து வந்தார். கடலை பிடுங்கி முடிந்து வெறும் செம்மண் கிடந்தது. மாயக்காள் விடுபட்ட காய்களைக் கொத்திப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் நாலு மூலையும் சுற்றி வந்தார்.

“இங்கன கெடந்த கல்லெல்லாம் எங்க?”

“வரப்புல இருக்கு.”

வரப்பு இடுப்பளவுக்கு நின்றது, நாலு பக்கமும். அவர் காலத்தில் அங்கே வரப்பு என்று ஒன்று கிடையாது. அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்து காய் பொறுக்கினார். கூடை பாதி நிறைந்ததும், “நான் இங்கயே இருந்திரவா?” என்று கேட்டார்.

மாயக்காளுக்குக் கை நின்றது. இந்தக் கேள்வியை அவள் பல வருசம் எதிர்பார்த்திருந்தாள். பிறகு எப்போதோ எதிர்பார்ப்பதை விட்டிருந்தாள். எப்போது விட்டோம் என்று அவளுக்கு நினைவில்லை. அழுகை வரும் போலிருந்தது, ஆனால் வரவில்லை.

“அதை மலையில கேட்டுட்டு வந்து எங்கிட்டக் கேக்கணும்” என்றாள்.

மலையில் கேட்கப் போக வேண்டிய அவசியம் வரவில்லை. ஒரு நாள் என்று சொல்லி அனுப்பிய ஆள் வாரம் தாண்டியும் வராததால், ராக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ராசிங்காபுரத்தில் வந்து இறங்கினாள். மாயக்காள் வீட்டுக்கு வழி கேட்டபோதே ஊருக்கு விசயம் புரிந்துவிட்டது. சண்டை பார்க்கத் தெருவில் ஆட்கள் கூடினார்கள். மாயக்காள் வெளியே வந்து, அவள் சாப்பிட்டாளா என்று கேட்டாள். இல்லை என்றாள். உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். ஆட்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போனார்கள்.

ஏன் நாளாகிறது என்று ராக்கு கேட்டாள். மாயக்காள் சொன்னாள். நிலத்தை எழுதிக் கொடுக்கிறாரா என்று ராக்கு ஒரு தரம் உறுதிப்படுத்திக்கொண்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, அது நியாயம்தான் என்றாள். எனக்கு எழுதிக் கொடுக்க அவரிடம் வேறு ஒன்றும் இல்லையே என்பதையும் சிரிக்காமல் சொன்னாள்.

பத்திரம் பதியும் நாளில் இரண்டு சாட்சி வேண்டியிருந்தது. ஜக்கையன் ஒன்று. இன்னொருவன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு உத்தமபாளையத்தில் ஒரு கருமாதிக்குப் போய்விட்டான். ராக்கு பதிவு ஆபீஸ் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் வைக்கட்டுமா என்று கேட்டாள். பத்திரம் எழுதுகிறவர், எழுதிக் கொடுப்பவருக்கு இவர் என்ன வேண்டும் என்றார். ஜக்கையன் கூரையைப் பார்த்தான். அவர் அனுபவசாலி, ‘தெரிந்தவர்’ என்று எழுதிக்கொண்டார். ராக்கு தன் கறுத்த கட்டைவிரலை மையில் உருட்டி வைத்தாள்.

மனசாரத்தான் கொடுக்கிறீர்களா என்று சார்பதிவாளர் கேட்டார். வெள்ளைத்துரை ஆமாம் என்றார். எத்தனையோ நாளாகச் செய்ய வேண்டியது என்றும் சொன்னார். அதை எழுத இடம் இல்லை.

அன்று மத்தியானம் மாயக்காள் இரண்டு பேரையும் மெட்டுப் பஸ்சில் ஏற்றிவிட்டாள். ஒரு மூட்டை கடலையும் ஏற்றினாள். பஸ் வளைந்து மறையும் வரை நிற்கவில்லை. மருந்துப் பம்பை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்து, அதை வாங்கப் போனாள்.

சித்திரையில் செக்கு அவள் பேருக்கு வந்தது. பத்திரச் செலவு, எழுத்துக் கூலி, பஸ்சு, ஜீப்பு, எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்த காப்பி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் அது மானியத்தை விடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஜக்கையன் கூட்டிப் பார்த்துச் சொன்னான். இனிமேல் வருசா வருசம் வரும் மானியத்துக்குப் பத்திரச் செலவு கிடையாது என்றாள் மாயக்காள்.

அடுத்த வருசம் சர்க்கார் சூரியகாந்தி போடச் சொன்னது. அவள் ஒரு ஏக்கரில் போட்டாள். பூ தாம்பாளம் தாம்பாளமாக வந்தது. மலையிலிருந்து கிளியும் வந்தது. விடிந்தால் அடைந்தால் கிளி. காவலுக்கு ஆள் கிடைக்கவில்லை. சும்மா உட்கார்ந்து தகரம் தட்டுகிற வேலைக்கு வாலிபர்கள் வர மறுத்தார்கள். அது மலையில் காய் எடுப்பு முடிந்த கோடைக்காலம். மாயக்காள் ஜீப்பு டிரைவரிடம் சொல்லியனுப்பினாள். வெள்ளைத்துரையும் ராக்குவும் இறங்கி வந்தார்கள். ராக்கு களை வெட்டினாள். வெள்ளைத்துரை பரணில் உட்கார்ந்து தகரம் தட்டினார். அந்த வேலையை அவர் நன்றாகச் செய்தார், கிளி குறைந்தது. சனிக்கிழமை தோறும் மாயக்காள் இருவருக்கும் கூலி கொடுத்தாள். அவருக்கு ஆண் கூலி.

பிச்சைமணி மாற்றலாகிப் போய், அந்த இடத்துக்குச் சந்திரவல்லி என்கிற பெண் வந்திருந்தார். சூரியகாந்தியைப் பார்க்க வந்தவர், நிலம் யார் பேரில் இருக்கிறது, பயிர் செய்வது யார் என்று முறைப்படி கேட்டார். இரண்டும் நான்தான் என்றாள் மாயக்காள். சந்திரவல்லி எழுதிக்கொண்டு, பரணைப் பார்த்தார்.

“அவரு யாரும்மா?”

“கிளி வெரட்டுறவரு” என்றாள் மாயக்காள்.

சந்திரவல்லி அதை எழுதவில்லை. இரண்டு பேரும் பூவின் குறுக்களவை அளக்கப் போனார்கள்.